தோட்டா இல்லாத துப்பாக்கியும் முப்பத்திரண்டு பங்கும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



மீராஸ் பற்றி என்னிடம் வருகின்ற கேள்விகள் பெரும்பாலும் வீடு, நகை, கடை முன்பணம், வங்கிச் சேமிப்பு என்ற நான்கிற்குள் அடங்கிவிடும். மகள்மார்களுக்குப் பங்கு உண்டா என்று கேட்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு ஹிதாயத்தை நல்குவானாக. ஆனால் சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்திலேயே எழுந்த கேள்வி அந்த நான்கிற்கும் வெளியே நின்றது. மௌத்தான என் மாமு விட்டுச் சென்ற பொருள்களில் ஒரு ரைஃபிள் இருந்தது. அதற்கேற்ற தோட்டா எந்தக் கடையிலும் கிடையாது. தோட்டாவைத் தாமே செய்துகொள்ளலாமா என்று மாமுவின் மகன் என்னிடம் கேட்டான்.

நான் முஃப்தி அல்லன். இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்று, மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஆசிரியன். துப்பாக்கி பற்றிய அறிவோ எனக்கு அறவே இல்லாதிருந்தது. ஆயினும் குடும்பத்தில் தாடி வைத்தவன் என்ற ஒரே காரணத்தால் எல்லா வழக்கும் என் திண்ணைக்கு வந்துவிடும். வந்ததை விசாரித்து அறிந்தவற்றை இங்கு எழுதுகிறேன். பழைய வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்னமும் இருக்கின்றன, அவர்களுக்குப் பயன்படட்டும்.

அந்தத் துப்பாக்கியின் வரலாறு இது. என் நன்னா உத்தமபாளையத்துக்காரர். ஏலமலைப் பகுதியில் சிறிய ஏலக்காய்த் தோட்டம் ஒன்று அவருக்கு இருந்தது. நாடு விடுதலை அடைந்த பின்னர், தோட்டத்தை விற்றுத் தாயகம் திரும்பிய ஆங்கிலேயத் துரை ஒருவர், தம் ரைஃபிளை உரிய அனுமதியுடன் நன்னாவுக்கு விற்றுச் சென்றார். கூடவே ஒரு மரப்பெட்டி நிறையத் தோட்டாக்களையும் கொடுத்தார். நன்னாவுக்குப் பின் உரிமம் மாமுவின் பெயருக்கு மாறியது. மாமு வியாபாரத்தின் பொருட்டு மயிலாப்பூரில் குடியேறியபோது துப்பாக்கியும் சென்னை வந்தது. மந்தைவெளி வீட்டில் அலமாரியின் உச்சியில், ரெக்சின் உறைக்குள், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அது கிடந்தது. ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்கும் முன்னர் உரிமம் உள்ள ஆயுதங்களைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள் அல்லவா? அப்போது மாமு அதை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போவார். தேர்தல் முடிந்ததும் அவ்வாறே திருப்பிக் கொண்டுவருவார். சென்னையில் அது கண்ட பயணம் அவ்வளவே. பெருநாளைக்கு முந்திய இரவு எண்ணெய் தடவித் துடைப்பது மட்டும் தவறியதில்லை.

நன்னா வேட்டையாடிய காலத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். மானையோ மிளாவையோ சுட்டால், அது உயிரை விடுமுன் ஓடிச்சென்று பிஸ்மில் சொல்லி அறுப்பதற்காக இடுப்பில் எப்போதும் கத்தி வைத்திருப்பாராம். அறுக்குமுன் செத்துவிட்டால் இறைச்சியைத் தொடமாட்டாராம். சிறுவயதில் இதை அவருடைய பேணுதல் என்று மட்டும் நினைத்திருந்தேன். பின்னர் கிதாபுகளைப் பார்த்தபோதுதான் அதன் வேர் புரிந்தது. அடித்துக் கொல்லப்பட்ட பிராணி விலக்கப்பட்டது என்பது குர்ஆனின் சட்டம். எறிகோலின் கூர்முனை தைத்தால் உண்ணலாம், அதன் பக்கவாட்டு அடியால் செத்தால் உண்ணலாகாது என்று அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். துப்பாக்கி வந்தபோது, ஈயக் குண்டு துளைக்கிறதா, மோதிக் கொல்கிறதா என்ற கேள்வி உலமாக்களுக்கு எழுந்தது. ஹனஃபீ மத்ஹபில் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள், குண்டுக்குக் கூர்மை இல்லை, அது வேகத்தாலும் சூட்டாலும் கொல்கிறது, ஆகவே அறுத்தால்தான் ஹலால் என்ற பக்கம் நின்றார்கள். மாலிகீ அறிஞர்களில் பிற்காலத்தவர் சிலரும், ஷவ்கானீ (ரஹ்) அவர்களும் கூடும் என்றார்கள். ராவுத்தர்களான எங்கள் குடும்பம் ஹனஃபீ. நன்னாவின் கத்திக்கு அதுவே காரணம். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இந்த விவாதம் நம்மைப் பொறுத்தவரை கிதாபுக்குள் திரும்பிப் போய்விட்டது. நன்னாவும் அதன்பின் துப்பாக்கியை எடுக்கவில்லை.

இனி மச்சானின் கேள்விக்கு வருகிறேன். என் மாமுவின் ஒரே மகன்; கிண்டி தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிபாகங்கள் கடையும் பட்டறை நடத்துகிறான்; அடையாற்றில் குடியிருக்கிறான். கைவேலையில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. தன் அத்தாவின் துப்பாக்கியைச் சங்கத்தின் சுடுதளத்தில் ஒரு தடவையாவது சுட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. அதில் எந்தத் தீமையும் இல்லை. மரப்பெட்டியில் மிஞ்சியிருந்தவை இரண்டு முழுத் தோட்டாக்களும், சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகள் பதினொன்றும்.

"கூடு இருக்கு மச்சான். அதை அச்சுல வச்சு அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டு வந்து, புது கேப் வச்சு, மருந்து போட்டு, மேலே குண்டைச் செருகினா தோட்டா ரெடி. அமெரிக்காவுல வீட்டுக்கு வீடு செய்றாங்க. அந்த அச்சை நான் லேத்துல கடைஞ்சுடுவேன்," என்றான்.

அவன் சொன்னது பொய்யில்லை. அந்நாட்டில் அது பரவலான பொழுதுபோக்கு. கருவிகளும் மருந்தும் கடையில் விற்கின்றன. வழக்கத்துக்கு மாறான அளவில் தோட்டா அறை குடையப்பட்ட துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு அங்கு வேறு வழியும் இல்லை. நம் கிராமங்களிலும் ஒரு காலத்தில் பன்னிரண்டு போர் துப்பாக்கியின் பித்தளைக் கூட்டில் மருந்தும் ரவையும் அடைத்து மீண்டும் சுட்டவர்கள் இருந்தார்கள்.

ஆனால் இந்தத் துப்பாக்கியின் அறை எத்தகையது? அதை அறியாமல் பேசுவது வீண் என்பதால், உரிமத்தின்படி எல்லாம் ஒப்படைக்கப்பட்ட பிறகு, ஆயுத வியாபாரத்தில் தலைமுறை கண்ட பெரியவர் ஒருவரிடம் இருவரும் போனோம். அவர் வெள்ளெழுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழாயின் மேல் பொறித்திருந்ததைப் படித்தார். பிறகு தோட்டா அறைக்குள் உருகிய கந்தகத்தை ஊற்றி ஆறவிட்டு அச்சு எடுத்தார். அதை அளவுகோலில் வைத்துப் பார்த்துவிட்டு, பொறித்திருப்பது ஓர் அளவு, உள்ளே குடைந்திருப்பது வேறு அளவு என்றார். துரை தமக்கு வேண்டிய தோட்டாவுக்காகத் தனியே சொல்லி அறையைக் குடையச் செய்திருக்கிறார். அந்தத் தோட்டா இன்று எங்கும் செய்யப்படுவதில்லை.

ஏன் ஒருவர் அப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டேன். பெரியவர் சொன்ன வரலாறு சுவையானது. அக்கால இங்கிலாந்தில் ஒவ்வொரு துப்பாக்கிக் கம்பெனியும் தனக்கென ஒரு தோட்டா அளவு வைத்திருந்தது. தையற்காரர் ஆளுக்கு அளவெடுப்பதுபோல் வேட்டைக்காரருக்கு அளவெடுத்துச் செய்து கொடுத்தது. போதாக்குறைக்கு இந்திய அரசின் ஆணைகள். ஆங்கிலேயப் படையின் பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கி .450 அளவு குண்டு கொண்டது. அது கலகக்காரர்கள் கைகளில் நிறைய இருந்தது. வேட்டைக்கென்று வரும் .450 தோட்டாக்கள் அவர்களுக்குப் போய்விடக் கூடாது என்று அஞ்சி, 1907 வாக்கில் அந்த அளவையே இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை விதித்தார்கள். யானை, காட்டெருமை வேட்டைக்கு அந்த அளவையே நம்பியிருந்த துரைமார்களுக்காகக் கம்பெனிகள் .465, .470, .475 என்று மயிரிழை வேறுபாட்டில் புதிய அளவுகளை உண்டாக்கின. சட்டத்தில் தடுத்த எண் ஒன்று. சந்தையில் பிறந்த எண்கள் பல. இதே கதை .303 அளவிலும் நடந்தது. அது படைத் துப்பாக்கியின் அளவு என்பதால் பொதுமக்களுக்கு இல்லை என்றார்கள். ஆகையால்தான் இன்றுவரை இஷாப்பூர் தொழிற்சாலை பொதுமக்களுக்கு .315 அளவில் ரைஃபிள் செய்து வருகிறது. நம் நாட்டில் உரிமம் பெற்ற ரைஃபிள்களில் மிகப் பரவலானது அதுவே. அதற்குத் தோட்டாவும் கிடைக்கும்.

கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளைப் படித்தவர்கள், சேலம், தருமபுரிக் காடுகளில் அவர் சுமந்து திரிந்த .405 வின்செஸ்டரை நினைவுகூர்வார்கள். அதுவும் நம் நாட்டுத் தொழிற்சாலை செய்யாத அளவே. சீமைத் தோட்டா வருவது நின்றபின் இத்தகைய எத்தனை துப்பாக்கிகள் பரண்களில் ஊமையாய்ப் போயினவோ!

"அப்ப .315 தோட்டாவையே போட்டுப் பார்க்கலாமா?" என்று மச்சான் கேட்டான்.

பெரியவர் பதறிவிட்டார். தோட்டா வெடிக்கும்போது பித்தளைக் கூடு நொடியில் உப்பி, அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்; அப்படி ஒட்டுவதால்தான் நெருப்பும் வாயுவும் பின்னால் வராமல் குண்டை முன்னால் தள்ளுகின்றன. அறை பெரிதாகவும் கூடு சிறிதாகவும் இருந்தால் பித்தளை தாங்காமல் கிழியும். கிழிந்தால் அத்தனை அழுத்தமும் சுடுபவரின் முகத்தை நோக்கித் திரும்பும். அவர் தம் அனுபவத்தில் கண்ட ஒரு செய்தியையும் சொன்னார். பழைய கரிமருந்து அளந்த அதே குவளையால் புகையில்லா மருந்தை அளந்து அடைத்த ஒருவருக்கு வலக்கைப் பெருவிரல் போயிற்றாம். இரண்டும் பார்வைக்கு ஒரே மருந்துபோலத் தோன்றலாம். அழுத்தம் பன்மடங்கு வேறுபடும். மேலும் எங்களிடம் இருந்த பழைய சீமைக் கூடுகளில் கேப் உட்காரும் குழியின் அமைப்பே வேறு. நடுவில் ஒரு துளைக்குப் பதிலாக இரு சிறு துளைகள் இருந்தன; செத்த கேப்பை ஊசியால் நெம்பித் தள்ளும் சாதாரண முறை அதில் செல்லாது. எழுபது ஆண்டு கிடந்த பித்தளையும் மூப்படைந்து வெடிப்புறும் தன்மை பெற்றிருக்கும். மச்சான் கைவேலைக்காரன், இவற்றையெல்லாம் ஒரு சவாலாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தான் என்பதை அவன் கண்களில் கண்டேன்.

திரும்பி வரும்போது அவன் என்னிடம் ஒரு ஹதீஸை நினைவூட்டினான். ஓர் அம்பின் பொருட்டு மூவர் சுவனம் புகுவர். அவர்களில் ஒருவர் நன்மையை நாடி அதைச் செய்தவர் என்ற கருத்துடைய அறிவிப்பு. மக்தபில் படித்தது மறக்கவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்த அறிவிப்பு, ஒரு சமூகத்தின் தலைமையின் கீழ், அதன் பாதுகாவலுக்காக வெளிப்படையாய் அம்பு செய்தவரைப் பற்றியது. பட்டறையில் ஷட்டரை இறக்கிவிட்டுச் செய்யும் வேலைக்கு அதை ஆதாரமாக்க முடியாது. அதே ஹதீஸ் நூல்களில் ஆயுதம் பற்றி வேறு எவ்வளவு வந்திருக்கிறது! பள்ளிவாசல் வழியாகவோ கடைவீதி வழியாகவோ அம்புகளுடன் செல்பவர் அவற்றின் முனைகளைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். உறையிலிருந்து உருவிய வாளை ஒருவர் மற்றவர் கையில் கொடுப்பதைத் தடுத்தார்கள். சகோதரனை நோக்கி, விளையாட்டாகக்கூட, இரும்பை நீட்டுபவரை மலக்குகள் சபிக்கிறார்கள் என்று எச்சரித்தார்கள். அவர்களுடைய சொந்தப் போர்க்கவசமோ, வஃபாத்தின்போது முப்பது ஸாஉ வாற்கோதுமைக்கு அடகாய் இருந்தது. ஆயுதம் ஒரு பொருள். வீட்டுத் தேவைக்கு அடகு வைக்கக்கூடிய பொருள். அதைப் பெருமையின் சின்னமாக உயர்த்தி வைத்தது நாம்தான்.

பெருமைக்கும் ஒரு காரணம் உண்டு என்பதை மறுக்கவில்லை. லிட்டன் பிரபு காலத்து 1878 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமம் வேண்டும் என்றது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அந்தச் சூழலில் நம்மவர் ஒருவர் துப்பாக்கி உரிமம் பெற்றிருப்பது ஊரில் ஒரு பட்டம் போலாயிற்று. நன்னாவின் தலைமுறை அந்தப் பட்டத்தின் பிள்ளைகள். 1959 இல் இயற்றப்பட்டு 1962 இல் நடைமுறைக்கு வந்த இன்றைய ஆயுதச் சட்டத்தில் அந்த இனப் பாகுபாடு இல்லை. உரிமம் எல்லோருக்கும் பொது.

அந்தச் சட்டத்தைத்தான் மச்சானுக்கு வரி வரியாய்க் காட்டினேன். வழக்கறிஞர் நண்பர் ஒருவர் உடன் இருந்து விளக்கினார். உரிமமின்றி ஆயுதமோ தோட்டாவோ தயாரிப்பதை ஐந்தாம் பிரிவு தடுக்கிறது. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் வேறு, தோட்டா தயாரிக்கும் உரிமம் வேறு. முன்னது இருப்பதால் பின்னது வந்துவிடாது. 'தோட்டா' என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் விளக்கத்தில் தோட்டாவின் பாகங்களும், அதைத் தயாரிக்கும் கருவிகளும்கூட அடங்கும். அதாவது ஒரு சிட்டிகை மருந்தும் இல்லாமல், அவன் லேத்தில் கடையவிருந்த அந்த எஃகு அச்சே போதும். 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உரிமமற்ற தயாரிப்புக்கு ஏழாண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள்வரையும் நீளலாம்.

மச்சான் நெடுநேரம் பேசவில்லை. அப்போது அச்சுக்கான வரைபடத்தைக் கணினியில் வரைந்து, எஃகுத் தண்டு ஒன்றை வாங்கி வைத்திருந்தான், கடையத் தொடங்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

மூத்த மகள்தான் அதை வாய்விட்டுச் சொன்னவள். "தம்பி, நீ ஆசைக்குச் செய்றேன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பட்டறையைச் சோதனை போட்டா மறுநாள் பேப்பர்ல என்ன பேர் போட்டு வரும்னு யோசிச்சியா? உன் பிள்ளைங்க எந்தப் பள்ளிக்கூடத்துல போய் நிக்கும்?" இதைக் கேட்டு எவரும் மறுமொழி சொல்லவில்லை. நம் காலத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் இந்த அச்சம் மிகையானதன்று, வெட்கப்பட வேண்டியதுமன்று. ஆனால் அச்சம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் நான் அதை எழுதியிருக்க மாட்டேன். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்பது இறைக்கட்டளை. உரிமப் புத்தகத்தில் கையொப்பமிட்டபோது மாமு ஓர் ஒப்பந்தம் செய்தார். அதன் நிபந்தனைகளை நாற்பது ஆண்டுகள் ஒரு தேர்தல் தவறாமல் காத்தார். உங்களை நீங்களே அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கட்டளை, அந்த மூப்படைந்த பித்தளைக் கூட்டுக்கும் பொருந்தும்.

மதிப்பிற்குரிய முஃப்தி ஒருவரிடமும் கேட்டோம். உயிருக்குத் தீங்கும் சட்டத்துக்கு மாறும் சேர்ந்திருக்கும் இடத்தில் ஆகுமா என்ற கேள்விக்கே இடமில்லை என்றார். இன்னும் ஒன்று கேட்டார்: "துப்பாக்கி முதலில் யாருடையது?"

அவ்வளவு நாளும் அதை ஒருவரும் கேட்டிருக்கவில்லை! மகன் கேட்கிறான், ஆகவே மகனுடையது என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். இங்கேதான் நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது.

உரிமதாரர் இறந்துவிட்டால் ஆயுதத்தையும் தோட்டாக்களையும் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, பாதுகாப்பில் வைக்கும் உரிமம் பெற்ற வியாபாரியிடமோ வாரிசுகள் ஒப்படைக்க வேண்டும். மாமுவின் ஜனாஸா முடிந்த அந்த வாரமே மாமி இதை நினைவுபடுத்தினார். இத்தா இருக்கும் நிலையிலும், "அதை முதல்ல வீட்டை விட்டு எடுங்க. பேரப் பிள்ளைங்க அலமாரி மேலே ஏறுதுங்க. நாற்பது வருஷமா அதுக்குக் கீழே தூங்கியிருக்கேன், ஒரு நாளும் முழுசாத் தூங்கினதில்லை," என்றார். அவ்வாறே இரண்டு முழுத் தோட்டாக்களுடன் ஒப்படைக்கப்பட்டு ரசீது பெறப்பட்டது. பின்னர் வாரிசுகளில் ஒருவர் தம் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். சென்னை மாநகரில் அதற்குரிய அதிகாரி காவல் ஆணையர், அலுவலகம் வேப்பேரியில். 2016 ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, மற்ற வாரிசுகளின் ஆட்சேபம் இல்லை என்ற ஒப்புதலும் வேண்டும். உரிமதாரர் உயிருடன் இருக்கும்போதேகூட, எழுபது வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை இருபத்தைந்து ஆண்டுகள் வைத்திருந்தாலோ, வாரிசு ஒருவரைக் குறிப்பிட்டு மாற்றலாம். மாமுவுக்கு இரண்டு தகுதியும் இருந்தன. அப்படி ஒரு வழி இருப்பதே எங்களில் எவருக்கும் தெரியாது. உங்கள் வீட்டில் பெரியவர் எவரிடமேனும் உரிமம் இருந்தால் இன்றே கேட்டுவையுங்கள்.

எனினும் உரிமம் வேறு, உடைமை வேறு. வங்கிக் கணக்கில் நாமினியாகப் பெயர் இருப்பவர் ஷரீஅத்தில் அப்பணத்தின் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை அல்லவா? அதுபோல அரசு மகனுக்கு உரிமம் வழங்கினாலும், துப்பாக்கி என்னும் பொருளில் தாய்க்கும் சகோதரிகளுக்கும் உள்ள பங்கு போய்விடாது. துண்டாக்க முடியாத பொருள் என்பதால் விலை மதித்து, எடுத்துக்கொள்பவர் மற்றவர்களுக்கு அவரவர் பங்கைக் கொடுக்க வேண்டும். அல்லது விற்றுப் பிரிக்க வேண்டும்.

மாமுவின் வாரிசுகள் மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதம் ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என்ற கணக்கில். மொத்தத்தை 32 பங்காக்கினால் மனைவிக்கு 4, மகனுக்கு 14, மகள்மார்களுக்கு ஆளுக்கு 7. கடைப் பெரியவர் துப்பாக்கிக்கு 40,000 ரூபாய் மதிப்பிட்டார். கம்பெனிப் பெயருக்கும் வேலைப்பாட்டுக்கும் தான் அந்த விலை. தோட்டா கிடைக்கும் துப்பாக்கியாக இருந்தால் இன்னும் கூடியிருக்கும் என்றார். ஆக ஒரு பங்கு 1,250 ரூபாய். மாமிக்கு 5,000, மகள்மார்களுக்கு ஆளுக்கு 8,750. மச்சான் எடுத்துக்கொள்வதானால் அவன் கொடுக்க வேண்டியது 22,500.

சிறிய தொகைதான். "இதுக்கெல்லாம் கணக்கா ஹஜ்ரத்?" என்று உறவினர் ஒருவர் சிரித்தார். வீட்டையும் கடையையும் பிரிக்கும்போது ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் போன குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பிளவுகளில் பல, வெள்ளிக் குடம், அத்தாவின் கைக்கடிகாரம் போன்ற, யாரும் கணக்கில் எழுதாத சிறு பொருள்களில்தான் தொடங்கியிருக்கின்றன. ஆகையால் எழுதித்தான் தீர்த்தேன்.

இனி துப்பாக்கியை என்ன செய்வது? மூத்த மகள் விற்றுவிடலாம் என்றாள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஆயுதக் கூடம் இருக்கிறதே, அங்குக் கொடுக்கலாமா என்ற பேச்சும் வந்தது. மச்சான் இரண்டுக்கும் இசையவில்லை. தோட்டா செய்யும் எண்ணத்தை விட்டுவிட்டான். துப்பாக்கியை விட மனமில்லை. "சுடாட்டியும் பரவாயில்லை. பெருநாளைக்கு முந்தின நாள் எண்ணெய் போட்டுத் துடைக்க ஒரு ஆள் வேணும்ல," என்றான். நான் அதற்கு எதிராக எதுவும் சொல்லவில்லை. இது ஷரீஅத் தடுக்கும் காரியமன்று. சட்டம் அனுமதித்தால் அனுமதிக்கட்டும். ஆனால் மந்தைவெளி அலமாரியின் மேல் அது திரும்பி வரக்கூடாது என்று மாமி நிபந்தனை விதித்தார். உரிமம் கிடைத்தால் தன் அடையாற்று வீட்டில் சுவரோடு பதித்த இரும்புப் பெட்டியில் வைப்பதாக ஒப்புக்கொண்டான். பட்டறையில் கிடந்த அந்த எஃகுத் தண்டு வாடிக்கையாளர் ஒருவரின் பம்புக்கு அச்சாகப் போய்விட்டது. பதினொரு பித்தளைக் கூடுகளையும், பாகங்களும் கணக்கில் வரும் என்று வழக்கறிஞர் எச்சரித்ததால், ரசீதில் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டோம்.

பங்குப் பணத்தை மாமியின் முன்னிலையில் மச்சான் கொடுத்தான். மூத்த மகள் தனக்குரியதைத் தம்பியிடமே திருப்பிக் கொடுக்கப் போனாள். முதலில் கையில் வாங்கிக்கொள், பிறகு விரும்பினால் ஹதியாவாகக் கொடு என்றேன். வாங்கினாள், அதில் ஒரு பகுதியை அத்தாவின் பெயரில் ஸதகா செய்தாள், மீதத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். அதுவும் நல்லதே.

இளைய மகள் துபாயில் இருக்கிறாள். அவளுடைய ஒப்புதல் கடிதம் தூதரகத்தின் சான்றொப்பத்துடன் சென்ற வாரம்தான் வந்து சேர்ந்தது. அதை விண்ணப்பத்தோடு இணைத்து மச்சான் வேப்பேரியில் கொடுத்திருக்கிறான். விசாரணைக்கு அழைப்பு இன்னும் வரவில்லை.